எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ்

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது நாயின் சிறுகுடலில் வாழும் மிகச் சிறிய நாடாப்புழு ஆகும். இது தட்டைப்புழுக்கள் தொகுதியில் டீனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. நாய் மட்டுமன்றி ஓநாய், குள்ளநரி முதலிய பிற நாய்க் குடும்ப விலங்குகளிலும் வாழ்கின்றது. இதன் இளம்பருவம் ஆடு, மாடு, எருமை, ஒட்டகம், பன்றி போன்றவற்றின் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த பைகளாக வளர்கின்றது. இப்பைகள் ஹைடாடிட் நீர்க்கட்டிகள் எனவும், இவற்றால் உண்டாகும் நோய் நீர்க்கட்டி நோய் எனவும் அழைக்கப்படுகின்றன. மனிதரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். உலகில் எந்தவொரு காலத்திலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எக்கினோகாக்கஸ் பேரினப் புழுக்களால் பாதிக்கப்பட்டிருப்பர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

நாடாப்புழு என்றவுடன் பல மீட்டர் நீளம் வளரும் மாட்டிறைச்சி நாடாப்புழுவே பலருக்கும் நினைவுக்கு வரும். இப்புழுவோ பெரும்பாலும் ஓர் அரிசிமணியை விடச் சிறியது. ஒரு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் மெலிவதில்லை, வயிற்றுப்போக்கும் காண்பதில்லை. மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலும் இதன் முட்டையை வேறு சில நாடாப்புழுக்களின் முட்டையிலிருந்து பிரித்தறிய இயலாது. கால்நடை மருத்துவத்தில் இப்புழுவுக்குத் தனி இடம் கிடைத்ததற்கு இந்த மறைவும் ஒரு காரணம்.

பெயரும் கண்டுபிடிப்பும்

கிரேக்க மொழியில் 'எக்கினோஸ்' என்பது முள்ளெலியையும் 'கொக்கோஸ்' என்பது மணியையும் குறிக்கும். கொக்கிகள் சூழ்ந்த நுண்ணிய தலைகளைப் பார்த்து இப்பெயர் அமைந்தது. 'கிரானுலோசஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறுமணிகள் நிறைந்தது என்று பொருள். இவ்வினத்தை 1786-ஆம் ஆண்டு பாட்ஷ் என்பவர் விவரித்தார். எக்கினோகாக்கஸ் என்னும் பேரினப் பெயரை 1801-இல் ருடோல்ஃபி வழங்கினார்.

ஆட்டின் ஈரலில் காணும் நீர்ப்பைக்கும் நாயின் குடலில் காணும் சிறு புழுவுக்கும் தொடர்பு உண்டு என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு உயிரினங்கள் என்றே கருதப்பட்டன. ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபான் சீபோல்ட் 1852-இல் நீர்க்கட்டியின் உட்பொருளை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் குடலில் முதிர்ந்த புழுக்கள் தோன்றுவதைக் காட்டினார். மனிதரிடமிருந்து எடுத்த நீர்க்கட்டியைக் கொண்டு அதே முடிவை 1863-இல் நௌனின் பெற்றார். ஒரே உயிரினம் இரு விலங்குகளில் இரு உருவங்களில் வாழ்கின்றது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

உடலமைப்பு

முதிர்ந்த புழு பொதுவாக 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளம் உடையது. சில வேளைகளில் இதனினும் சற்று நீளமாக இருக்கும். தலைப்பகுதியில் நான்கு உறிஞ்சிகளும், முன்முனையில் இரு வரிசைக் கொக்கிகளும் உள்ளன. அடுத்துக் குறுகிய கழுத்தும், அதன்பின் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கண்டங்களும் அமைந்திருக்கும். பெரிய நாடாப்புழுக்களுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கண்டங்கள் இருக்கக்கூடும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் சிறுமை விளங்கும். கடைசிக் கண்டம் மட்டுமே முட்டைகள் நிரம்பியது. அது புழுவின் மொத்த நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும்.

எல்லா நாடாப்புழுக்களையும் போலவே இதற்கும் வாயோ உணவுப்பாதையோ கிடையாது. செரித்த உணவு உடற்பரப்பின் வழியாகவே உறிஞ்சப்படுகின்றது. ஒவ்வொரு கண்டத்திலும் ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டும் உள்ளன.

வாழ்க்கைச் சுழற்சி

இப்புழுவின் வாழ்க்கைக்கு இரண்டு ஓம்புயிர்கள் தேவை. நாய் இறுதி ஓம்புயிர். ஆடு முதலிய தாவர உண்ணிகளும் பன்றியும் இடைநிலை ஓம்புயிர்கள். முதிர்ந்த கண்டம் கழன்று, அதுவோ அதிலிருந்து வெளிப்படும் முட்டைகளோ நாயின் மலத்துடன் வெளியேறுகின்றன. ஒரு கண்டத்தில் சில நூறு முட்டைகள் இருக்கும். வெளியேறும்போதே இம்முட்டைகள் தொற்றும் நிலையில் உள்ளன. மண்ணில் கிடந்து முதிர வேண்டிய தேவை இல்லை. புல்லிலும் நீரிலும் மட்டுமன்றி நாயின் மயிரிலும் இவை ஒட்டிக் கொள்கின்றன. குளிரைத் தாங்கிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் இம்முட்டைகள், வெயிலிலும் வறட்சியிலும் விரைவில் அழிந்துவிடுகின்றன.

மேயும் ஆடு முட்டையை விழுங்கினால், அதன் குடலில் ஓடு சிதைந்து ஆறு கொக்கிகளுடைய கரு வெளிவருகின்றது. அக்கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தக் குழாயை அடைந்து ஈரலுக்குச் செல்கின்றது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலின் வழியாகவே பாய்வதால் பல கருக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதைக் கடந்தவை அடுத்து நுரையீரலில் சிக்குகின்றன. நீர்க்கட்டிகள் இவ்விரு உறுப்புகளிலேயே மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுதான். சிறுநீரகம், மண்ணீரல், மூளை, எலும்பு ஆகியவற்றில் அரிதாகவே காணப்படும்.

தங்கிய கரு மிக மெதுவாக நீர்க்கட்டியாக வளர்கின்றது. அதன் சுவரின் வெளிப்பகுதி உயிரணுக்கள் அற்ற தடித்த ஏட்டடுக்கு. உட்பகுதி மெல்லிய முளையடுக்கு. முளையடுக்கிலிருந்து சிறு பைகளும் அவற்றினுள் முன்தலைகளும் அரும்புகின்றன. உதிர்ந்து அடியில் படியும் முன்தலைகளைக் கண்ணால் பார்த்தால் மணல் போலத் தோன்றும். இதனை 'ஹைடாடிட் மணல்' என்பர். ஒவ்வொரு முன்தலையும் நாயின் குடலை அடைந்தால் ஒரு தனிப் புழுவாக வளரக்கூடியது. எனவே நாய் விழுங்கும் ஒரே கட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான புழுக்கள் தோன்ற முடியும்.

எல்லாக் கட்டிகளிலும் முன்தலைகள் உருவாவதில்லை. உருவாகாதவை மலட்டுக் கட்டிகள் எனப்படும். மாட்டின் கட்டிகள் பல இடங்களில் மலடாகவே இருக்கின்றன. செம்மறியாட்டின் கட்டிகளோ பெரும்பாலும் வளமானவை. செம்மறியாட்டிலும் முன்தலைகள் உருவாகச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே இளங்குட்டியை விட முதிர்ந்த ஆட்டின் ஈரலே நாய்க்குத் தொற்றைத் தரும் வாய்ப்பு மிகுதி.

நாய் அவ்வுறுப்பைத் தின்றதும் முன்தலைகள் குடலுறிஞ்சிகளிடையே பற்றிக் கொள்கின்றன. 32 முதல் 80 நாட்களில், பெரும்பாலும் ஆறு ஏழு வாரங்களில், முட்டைகள் வெளிவரத் தொடங்குகின்றன. இந்தக் கால அளவே கட்டுப்பாட்டுத் திட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படை.

மனிதரில்

மனிதர் தற்செயலான இடைநிலை ஓம்புயிர். முட்டை வாய்வழியாக உட்செல்வதால் மட்டுமே தொற்று ஏற்படுகின்றது. நாயைத் தொட்ட கை, கழுவாத கீரை, மாசடைந்த நீர் ஆகியவை அதற்கு வழியாகின்றன. நீர்க்கட்டி உள்ள ஆட்டிறைச்சியை உண்பதால் இந்நோய் வரும் என்பது பரவலான தவறான கருத்து. கட்டியில் முட்டை இல்லை. அதில் உள்ள முன்தலைகள் நாயின் குடலில்தான் புழுவாகும். இறைச்சிக்கூடத்தில் கட்டியுள்ள ஈரல் ஒதுக்கப்படுவதால் நேரடியாகக் காக்கப்படுவது இறைச்சியை வாங்குபவர் அல்லர், வாசலில் காத்திருக்கும் நாயே. அந்நாயின் வழியாகவே மனிதர் காக்கப்படுகின்றனர்.

மனித நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குக் கல்லீரலிலும், 20 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும் கட்டி அமைகின்றது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இராது. சிறுவயதில் தொற்றியது நடுவயதில் வெளிப்படுவதும் உண்டு. கட்டி பெரிதாகி அருகில் உள்ள உறுப்பை அழுத்தும்போது வலியோ, மஞ்சள் காமாலையோ, இருமலோ தோன்றும். கட்டி உடைந்தால் உள்ளிருக்கும் நீர் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். சிந்திய முன்தலைகள் வயிற்றறையில் புதிய கட்டிகளாக வளர்வதும் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் பரவுவதில்லை.

நாயில் கண்டறிதல்

கால்நடை மருத்துவமனைகளில் குடற்புழுக்களை அறிய வழக்கமாகச் செய்யப்படுவது மிதப்பு முறை. மலத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதந்து வரும். அவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவற்றின் முட்டைகளை இம்முறையில் எளிதில் இனங்காணலாம். நாயின் மற்றொரு நாடாப்புழுவான டிப்பிலிடியம் கேனினம் கூட, பல முட்டைகளை ஒரே பொதியாக வெளியிடுவதால் அடையாளம் காணத்தக்கதே. வெள்ளரி விதை போன்ற அதன் கண்டங்கள் நாயின் வாலடியில் நெளிவதை வளர்ப்பவரே பார்த்திருப்பார்.

டீனிடே குடும்பத்தில் இவ்வழி பயன்படுவதில்லை. எக்கினோகாக்கஸின் முட்டை சுமார் 30 முதல் 40 மைக்ரோமீட்டர் குறுக்களவும், ஆரக்கோடுகள் கொண்ட தடித்த பழுப்பு நிற உறையும், உள்ளே ஆறு கொக்கிகளும் உடையது. டீனியா ஹைடாடிஜெனா, டீனியா மல்டிசெப்ஸ், டீனியா ஓவிஸ் ஆகியவற்றின் முட்டைகளும் அப்படியே உள்ளன. இவற்றின் முதிர்ந்த புழுக்களும் நாயிலேயே வாழ்வதால் குழப்பம் மேலும் கூடுகின்றது. எனவே ஆய்வக அறிக்கையில் 'டீனிடே முட்டை காணப்பட்டது' என்று எழுதலாமே ஒழிய, எந்த இனம் என்று எழுத இயலாது. அத்தகைய மாதிரி எதுவாயினும் அதை மனிதருக்குத் தொற்றக் கூடியதாகவே கருதிக் கையாள்வது ஆய்வக நடைமுறை. முட்டை காணப்படாததும் நாய் தொற்றற்றது என்பதற்குச் சான்றாகாது. முட்டைகள் தொடர்ச்சியாக அல்லாமல் விட்டுவிட்டே வெளியேறுகின்றன.

உறுதியான முறை இறந்த நாயின் குடலை ஆய்வதே. சிறுகுடலைத் திறந்து, சுரண்டி, நீரில் படியவைத்துப் புழுக்கள் எண்ணப்படுகின்றன. ஆய்வாளருக்குத் தொற்று ஏற்படாதிருக்கக் குடல் முதலில் கழியம் 80 பாகை செல்சியஸ் அளவில் சில நாட்கள் உறைய வைக்கப்படுகின்றது. வீட்டு உறைபெட்டியின் குளிர் இம்முட்டைகளைக் கொல்லப் போதாது.

உயிருள்ள நாயில் நெடுங்காலம் பயன்பட்டது அரெகோலின் என்னும் பேதி மருந்து. தமிழர் வெற்றிலையுடன் மெல்லும் பாக்கில் உள்ள வேதிப்பொருளே இது. இது புழுவின் பிடியைத் தளர்த்திக் குடலை வேகமாக இயங்கச் செய்கின்றது. வெளிவரும் சளி நிறைந்த மலத்தில் புழுக்களைத் தேடுவர். புழுவைக் கண்ணால் கண்டால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் சில நாய்களுக்குப் பேதி ஆவதில்லை. சினையுற்ற நாய்க்கும் முதிய நாய்க்கும் இம்மருந்து கேடு விளைவிக்கும். பேதியான இடம் முழுதும் முட்டைகளால் மாசடைவதால் பணியாளருக்கும் இது ஆபத்தான வேலை.

1990-களில் மலத்தில் புழுவின் ஆன்டிஜென் பொருட்களைத் தேடும் எலைசா சோதனைகள் உருவாக்கப்பட்டன. இவற்றின் சிறப்பு, முட்டை வெளிவருமுன்பே தொற்றைக் காட்டுவதாகும். மருந்து கொடுத்த சில நாட்களில் ஆன்டிஜென் மறைந்துவிடுவதால் சிகிச்சை பலித்ததா என்றும் அறியலாம். புழுக்கள் மிகக் குறைவாக இருந்தால் இச்சோதனை தவறவிடக்கூடும். டீனியா ஹைடாடிஜெனா உள்ள நாயில் பொய்யாகத் தொற்றைக் காட்டுவதும் உண்டு. இனத்தை உறுதி செய்யப் பாலிமரேஸ் தொடர்வினை மூலம் புழுவின் டி.என்.ஏ. ஆராயப்படுகின்றது. ஒரு பகுதியின் நாய்களை எலைசாவால் வடிகட்டி, ஐயத்திற்குரியவற்றை மட்டும் டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்துவது செலவைக் குறைக்கும் வழி.

கால்நடையிலும் மனிதரிலும் கண்டறிதல்

உயிருள்ள ஆட்டிலோ மாட்டிலோ நீர்க்கட்டியை அறிவது கடினம். விலங்கு நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. இரத்தச் சோதனைகளில் பிற டீனியா இனங்களின் தொற்றும் குறுக்கிடுகின்றது. நடைமுறையில் இறைச்சிக்கூடத்தில் உறுப்புகளைப் பார்த்தும், தடவியும், வெட்டியும் ஆய்வதே முதன்மையான வழி. இங்கும் ஒரு குழப்பம் நேரலாம். டீனியா ஹைடாடிஜெனாவின் இளம்பருவமும் நீர்ப்பையே. ஆனால் அது குடல்மூடு கொழுப்புத்திரையில் மெல்லிய சுவருடன் தொங்கும். ஒரே ஒரு தலையே நீண்ட கழுத்துடன் அதனுள் தெரியும். ஹைடாடிட் கட்டியோ உறுப்பினுள் பதிந்து, தடித்த வெண்சுவருடன் இருக்கும். சுண்ணமேறிய பழைய கட்டிகளைக் காசநோய் முடிச்சுகளிலிருந்து பிரித்தறியத் திசு ஆய்வு தேவைப்படலாம்.

மனிதரில் மீயொலி ஸ்கேன் முதன்மையான கருவி. கட்டியின் தோற்றத்தை வைத்து அது வளர்கின்றதா, சிதைகின்றதா, இறந்துவிட்டதா என வகைப்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2003-இல் வெளியிட்டது. 1911-இல் கசோனி அறிமுகப்படுத்திய தோல் சோதனை இப்போது கைவிடப்பட்டுள்ளது.

மருத்துவம்

நாய்க்குப் பிராசிகுவாண்டெல் மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில் ஒரு முறை கொடுக்கப்படுகின்றது. இது புழுக்களை அழிக்கும், முட்டைகளை அழிக்காது. ஆகவே மருந்து கொடுத்த முதல் இரு நாட்களின் மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். மருந்துக்குப் பின் நோயெதிர்ப்பு எதுவும் உண்டாவதில்லை. நாய் மறுநாளே கட்டியுள்ள ஈரலைத் தின்றால் மீண்டும் தொற்றும்.

மனிதரில் கட்டியின் நிலையைப் பொறுத்து அல்பெண்டசோல் மருந்து, ஊசியால் நீரை உறிஞ்சிக் கிருமிகொல்லி செலுத்தும் முறை, அறுவை மருத்துவம் ஆகியவை கையாளப்படுகின்றன. செயலற்ற கட்டிகளைத் தொடாமல் கண்காணிப்பதும் உண்டு.

கட்டுப்பாடு

இப்புழுவை ஒரு நாடு முழுவதிலிருந்தும் ஒழிக்க முடியும் என்பதை முதலில் காட்டியது ஐஸ்லாந்து. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே 1863-இல் அங்கு சென்று 100 நாய்களை அறுத்து ஆய்ந்தார். அவற்றில் 28 நாய்களில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டு, நோயின் வழியையும் நாய்க்குக் கழிவு உறுப்புகளைப் போடக்கூடாது என்பதையும் விளக்கும் அவருடைய சிறுநூல் மக்களுக்கு வழங்கப்பட்டது. நூல்களை விரும்பிப் படிக்கும் மக்களிடையே அது நன்கு பரவியது. 1869-இல் நாய்கள் தொடர்பான சட்டம் வந்தது. முதிர்ந்த ஆடுகளுக்குப் பதிலாக இளங்குட்டிகளை அறுக்கும் வழக்கம் பெருகியதும் துணை செய்தது. தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924 முதல் 1984 வரை நாய் வளர்ப்பதே தடை செய்யப்பட்டிருந்ததற்கும் இந்நோயின் அச்சம் ஒரு காரணம். திறமான மருந்து எதுவும் இல்லாத காலத்தில் தொடங்கிய முயற்சி இது என்பது குறிப்பிடத்தக்கது.

நியூசிலாந்து 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாய்களைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது. 2002-இல் தற்காலிகமாக நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா 1996-இல் அந்நிலையை அடைந்தது. பிராசிகுவாண்டெல் வந்தபின் நாய்களுக்கு ஆறு வாரங்களுக்கு ஒரு முறை மருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. நாய் எந்த நாளில் தொற்றுக்கு ஆளானாலும் புழு முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் அடுத்த மருந்து வந்துவிடும் என்பதே இதன் கணக்கு.

இக்கணக்கைக் கைவிட்டால் நேர்வதை வேல்ஸ் நாட்டின் தெற்குப் பவிஸ் பகுதி காட்டியது. அங்கு 1983-இல் தொடங்கிய ஆறு வார மருந்துத் திட்டம் நல்ல பயன் தந்தது. 1989-இல் அது நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் மக்களுக்குக் கல்வியூட்டும் பணி மட்டும் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் பண்ணை நாய்களில் தொற்று மீண்டும் பெருகியிருப்பது தெரிய வந்தது.

மேற்கண்ட வெற்றிகளில் பெரும்பாலானவை தீவுகளில், உரிமையாளர் உள்ள நாய்களைக் கொண்டு கிடைத்தவை. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு ஆடு, மாடு, எருமை, பன்றி ஆகிய அனைத்திலும் நீர்க்கட்டி காணப்படுகின்றது. தெருநாய்களைப் பிடித்து ஆறு வாரத்திற்கு ஒரு முறை மருந்து கொடுப்பது நடைமுறையில் எளிதன்று. ஆய்வுக்கு உட்படாத தெருவோர இறைச்சிக் கடைகளின் கழிவும், புதைக்கப்படாமல் ஊர்ப்புறத்தில் போடப்படும் கால்நடைச் சடலங்களும் நாய்களுக்குத் தொற்று மூலங்களாக உள்ளன. எனவே இங்கு இறைச்சிக் கழிவை நாய்க்கு எட்டாமல் செய்வது மருந்தை விட முதன்மை பெறுகின்றது.

இடைநிலை ஓம்புயிர்களுக்கான தடுப்பூசியும் உண்டு. ஆறு கொக்கிக் கருவின் ஒரு புரதத்தை மரபுப் பொறியியல் மூலம் உருவாக்கிச் செய்யப்பட்ட இஜி95 என்னும் தடுப்பூசியை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்டனர். சோதனைகளில் செம்மறியாடுகளுக்கு இது 95 விழுக்காட்டிற்கும் மேலான பாதுகாப்பு அளித்தது. அர்ஜென்டினாவின் ரியோ நெக்ரோ மாகாணத்தில் 2009 முதல் செம்மறியாட்டுக் குட்டிகளுக்குப் போடப்பட்டது, சீனாவிலும் பயன்படுத்தப்படுகின்றது. தடுப்பூசி, முன்பே உருவாகிவிட்ட கட்டியைக் கரைப்பதில்லை. ஆகவே மந்தையின் முதிர்ந்த ஆடுகள் கழியும் வரை நாய்களுக்கு மருந்து கொடுப்பதும் தொடர வேண்டியுள்ளது.

மரபு வகைகள்

ஒரே இனம் எனக் கருதப்பட்ட இப்புழு, டி.என்.ஏ. ஆய்வுகளின் பின் பல இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஜி1, ஜி3 என்னும் வகைகள் மட்டுமே இப்போது குறுகிய பொருளில் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் எனப்படுகின்றன. முன்னர் செம்மறியாட்டு வகை எனப்பட்டது ஜி1. எருமை வகை எனப்பட்டது ஜி3. இந்தியாவில் இவ்விரண்டும் காணப்படுகின்றன. குதிரையில் காணும் ஜி4 எக்கினோகாக்கஸ் எக்குவைனஸ் எனவும், மாட்டு வகையான ஜி5 எக்கினோகாக்கஸ் ஆர்ட்லெப்பை எனவும் தனி இனங்களாயின. ஒட்டகம், பன்றி, கலைமான்வகை ஆகியவற்றின் வகைகள் எக்கினோகாக்கஸ் கனடென்சிஸ் என்னும் பெயரில் அடங்குகின்றன. நரிக்கும் எலியினங்களுக்கும் இடையே சுழலும் எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ் இவற்றினும் வேறானது. அது வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளில் காணப்படுகின்றது. மனித ஈரலில் புற்றுநோய் போல ஊடுருவிப் பரவுகின்றது.